கோல் வாயிலில் நின்றவர்



ஹாக்கி ஆட்டத்தில் கோல் போட்டவரின் பெயரை மறுநாள் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிடும். கோலைக் காத்தவரின் பெயரோ, அவர் பந்தைத் தவறவிட்டாலன்றி எளிதில் வெளிவருவதில்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பெங்களூருவில் காலமான மானுவல் ஃபிரெடெரிக் அவர்களின் வாழ்க்கையை எண்ணும்போது இந்த வழக்கம் மனத்தை உறுத்துகிறது.

அவர் 1947ஆம் ஆண்டு கேரளத்துக் கண்ணூரில், பர்ணசேரி என்னும் பகுதியில் பிறந்தவர். இளமையில் கால்பந்து ஆடியவர். பின்னரே ஹாக்கி மட்டையைக் கையிலெடுத்தார். ராணுவத்தில் சேர்ந்து, ராணுவ சர்வீஸ் கோர் அணிக்கும், பின்னாளில் எச்.ஏ.எல். அணிக்கும் கோல் காத்தார். இறுதிவரை பெங்களூருவே அவருடைய ஊராயிற்று. பிழைக்க வந்த இடம் சொந்த ஊராகிவிடுவது எத்தகையது என்பதை அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வாழும் நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கோல் காப்பவரின் தொழில் அன்று எப்படி இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஹாக்கிப் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம்; கல்லைப் போன்ற கடினம். பதினாறு கஜ வட்டத்தின் விளிம்பிலிருந்து ஓங்கி அடித்தால், அது கண்ணுக்குத் தென்படுமுன் வலைக்குள் போய்விடும். இன்றைய வீரர் தலைக்கவசமும் மார்புக்கவசமும் பூண்டு, தேரில் ஏறிய போர்வீரரைப் போல் நிற்கிறார். ஃபிரெடெரிக்கின் காலத்திலோ கால்பட்டைகளும் கையுறைகளுமே பெருந்துணை, முகத்திற்கு மறைப்பில்லை. அந்தப் பந்தை நெற்றியாலும் தடுத்தவர் என்று அவர் பெயர் பெற்றார். கேட்பதற்கே உடல் கூசுகிறது! ஏழு கஜத் தொலைவிலிருந்து ஒருவர் மட்டும் அடிக்க, மற்றொருவர் மட்டும் தடுக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் அவருக்குத் தனித்திறமை இருந்தது.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதியில் பாகிஸ்தானிடம் 0-2 எனத் தோற்றது. பின்னர் நெதர்லாந்தை 2-1 என வென்று வெண்கலம் பெற்றது. அவ்வணியில் இருந்த ஃபிரெடெரிக், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதற் கேரளத்தவர் ஆனார். ஆனால் 1928 முதல் 1956 வரை ஆறு முறை தொடர்ந்து தங்கம் வாங்கிப் பழகிய நாடு வெண்கலத்தை ஒரு குறையாகவே கருதியது. அவர் புறக்கணிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமென்றே நான் எண்ணுகிறேன். 1973ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் வெள்ளி வென்ற அணியிலும் அவர் இருந்தார். அவ்வாண்டு இறுதியாட்டம் 2-2 எனச் சமமாகி, பெனால்டி ஸ்ட்ரோக்கில் நம் கையை விட்டுப் போயிற்று. 1978 உலகக்கோப்பையிலும் ஆடினார்.

அதன்பின் நெடுங்காலம் அவரைக் கேட்பாரில்லை. அர்ஜுனா விருது அவருக்குக் கிட்டவேயில்லை. தியான் சந்த் விருது 2019இல் வந்தது; மியூனிக்கிற்கு 47 ஆண்டுகள் கழித்து, அவருடைய 71ஆம் வயதில்!

2021ஆம் ஆண்டு டோக்கியோவில் இந்தியா ஜெர்மனியை 5-4 என வென்று மீண்டும் ஒரு வெண்கலம் பெற்றது. கடைசி நொடிகளில் எதிரிகளுக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் பி. ஆர். ஸ்ரீஜேஷ். அவரும் கேரளத்தவர், அவரும் கோல் காப்பவர். ஃபிரெடெரிக்கிற்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் பெற்ற கேரளத்தவர் அவரே. நாற்பத்தொன்பது ஆண்டுகள் இடையில் ஓடியிருந்தன. ஸ்ரீஜேஷுக்கு அவ்வாண்டே கேல் ரத்னா விருது அளிக்கப்பட்டது. அதைக் காணும் பேறு பெங்களூருவில் இருந்த முதியவருக்கும் வாய்த்தது.