காந்தம் ஏவும் நுண்பொறி
(குன்னத்தூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் எனக்கு மருத்துவத்தில் என்ன உரிமையென நீங்கள் வினவலாம். பக்கவாதம் நம் இல்லங்களிற் புகுந்து உழைப்பாளிகளைக் கட்டிலிற் கிடத்துவதைக் கண்டும் வாளாவிருத்தல் இயலவில்லை. ஆதலின் யான் கற்றதைக் கூறத் துணிந்தேன்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை உறைகட்டி அடைப்பதனாலேயே பக்கவாதம் பெரும்பாலும் விளைகின்றது. கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆயின் நாளத்திற் செலுத்திய அம்மருந்து உடல் முழுவதும் பரவுகின்றது. ஒரு தென்னை வாடியதற்காகத் தோட்டத்து மடைகளையெல்லாம் திறந்துவிடுதல் போன்றதே இது. அதனால் வேறிடத்தில் இரத்தம் கசிந்து உயிருக்கு இடர் நேர்தலும் உண்டு.

மருந்தை அடைப்புள்ள இடத்திற்கே ஏவ வழி உண்டா? சிந்திய ஊசிகளைத் தையற்காரர் காந்தங்கொண்டு எடுப்பதை இவ்வட்டாரத்தில் அறியாதார் யார்? அக்காந்தமே இங்கும் துணையாகின்றது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அம்பரீஷ் கோஷ், பீர் பிஷர் என்னும் அறிஞர் இருவர், மயிரிழையில் நூற்றிலொரு பங்கினும் மெல்லிய திருகாணிகளைச் செய்தனர். வெளியிலிருந்து காந்தப் புலத்தைச் சுழற்ற, அவையும் சுழன்று நீரைத் துளைத்து முன்சென்றன. பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கோஷ் குழுவினர், அத்தகைய திருகாணிகளுக்குப் பெரைட் பூச்சிட்டு, உடலினின்று எடுத்த மனித இரத்தத்தில் நீந்தச் செய்தனர். இது 2014-இல் வெளியாயிற்று.

2025-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர அறிஞர்கள் மற்றொரு பொறியை அறிவித்தனர். அது மருந்து பொதிந்த சிறு கூழுருண்டை. காந்தத்திற்கு இணங்க இரும்பு ஆக்சைடும், எக்ஸ்-கதிரிற் புலப்பட டான்டலமும் அதனுட் கலந்துள்ளன. இலக்கை எய்தியபின் விரைந்து மாறும் காந்தப் புலத்தால் உருண்டை சூடேறிக் கரைய, மருந்து அவ்விடத்திலேயே வெளிப்படும். பன்றிகளிடத்தும் செம்மறியாட்டினிடத்தும் அதனைச் சோதித்தனர். மனிதரிடத்துச் சோதித்தல் அப்போது எஞ்சி நின்றது.

அன்பர்களே! அப்பொறி நம் ஊர் மருத்துவமனைக்கு வரும்வரை காலமே நமக்குக் கைம்மருந்து. வாய் கோணுதல், ஒரு பக்கக் கை சோர்தல், நாக் குழறல் இவற்றுள் ஒன்று கண்டாலும், "விடியட்டும்" என்று காத்திராதீர், மந்திரிக்க ஓடாதீர். உடனே 108 வண்டியை அழைத்து, தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனை சேருங்கள். கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். அதற்குள்ளும் முந்துந்தோறும் பயன் மிகும்.

இன்னொரு விண்ணப்பம்: பௌதிகம் பயில விழையும் நம் பிள்ளைகளுக்கு, பெண்மக்கள் உட்பட, சங்கத்தின் கல்வி நிதி கைகொடுக்கட்டும். நாளைய நுண்பொறியை ஆக்குவோருள் குன்னத்தூர்ப் பிள்ளையும் ஒருவராதல் கூடும்.