நம் உடம்பின் கணக்கு நம் கைக்கு வரட்டும்!

(குமணன்சாவடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் நாம் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதற்கு முதலாளியிடம் கணக்கு இருக்கிறது. எத்தனை நிமிஷம் பிந்தி வந்தோம் என்பதற்கும் இருக்கிறது. வயலில் எத்தனை ஆள் இறங்கியது, எத்தனை நாள் வேலை நடந்தது என்று நிலத்துக்குச் சொந்தக்காரர் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆனால், அந்த உழைப்பினால் நமது நுரையீரல் என்ன ஆயிற்று, முதுகெலும்பு என்ன ஆயிற்று, பூச்சி மருந்து அடித்த கை ஏன் நடுங்குகிறது என்ற கணக்கு எங்கே இருக்கிறது? அது ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கிறது. உடம்பு நம்முடையது, வலி நம்முடையது, கணக்கு மட்டும் இன்னொருவர் பூட்டில் கிடக்கிறது. அந்தப் பூட்டைச் சட்டப்படி திறப்பது எப்படி, அதற்கு என்ன செலவாகும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இது படித்தவர்கள் விவகாரம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். குமணன்சாவடியைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் பூந்தமல்லி, ஒரு பக்கம் அம்பத்தூர், ஆவடி, இன்னொரு பக்கம் குன்றத்தூர். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தொழிலாளியும், கிராமத்திலிருந்து வைத்தியத்துக்கு வரும் விவசாயத் தொழிலாளியும் சந்திக்கிற இடம் இது. இங்கிருந்து சென்னைவரை ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. சிகிச்சைக்குப் பிறகு நம் கையில் மிஞ்சுவது என்ன? ஒரு மருந்துச் சீட்டும் ஒரு பில்லும்தான்!

ஏடு இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் விரல் சிக்குகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்து நஷ்டஈடு கேட்கிறபோது கம்பெனி வக்கீல் என்ன சொல்வார்? "காயம் வேலை நேரத்தில் ஏற்பட்டது என்பதற்கு ஆதாரம் என்ன? வீட்டில் பட்ட காயமாக இருக்கலாமே!" என்பார். அன்று இரவு டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிய இரண்டு வரிதான் அதற்குப் பதில். எந்த மணிக்குக் கொண்டுவந்தார்கள், எப்படி அடிபட்டது என்று சொன்னார்கள், எத்தனை எலும்பு போயிற்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஏடு கையில் இல்லாவிட்டால் தொழிலாளி தன் வெட்டுப்பட்ட கையையே காட்டி வாதாடினாலும் வழக்கு நிற்பது கஷ்டம்.

பஞ்சாலையில் பஞ்சுத்தூளைச் சுவாசித்து வரும் நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கிறது. அதற்கு நஷ்டஈடு உண்டு. ஆனால் "இது பீடிப் புகை, இது ஆஸ்துமா" என்று தட்டிக் கழிப்பார்கள். வருஷா வருஷம் எடுத்த மூச்சுப் பரிசோதனை ஏடுகளை வரிசையாக வைத்தால்தான் நோய் எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று காட்ட முடியும்.

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2, 3 தேதிகளின் இரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்ற கேள்வி வந்தபோது, கையில் சரியான மருத்துவ ஏடு இல்லாத ஏழை ஜனங்கள்தான் அலைக்கழிந்தார்கள். நோயாளிகளின் ஏடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஒவ்வொருவருக்கும் சுகாதாரப் புத்தகம் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது 2012ஆம் ஆண்டில்! விபத்து நடந்து 28 வருஷம் கழித்து! அதற்குள் எத்தனை பேர் மடிந்திருப்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

டாக்டர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் 2002ஆம் ஆண்டில் வந்தன. ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவரின் ஏடுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புதல் தந்து, 72 மணி நேரத்துக்குள் ஏடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. கொடுக்க மறுத்தால் அது டாக்டரின் ஒழுங்கீனம் என்றும் அதே விதிகள் கூறுகின்றன. 2023 ஆகஸ்டில் இவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வெளிவந்தன. அதே மாதத்தில் அவை நிறுத்தி வைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் செயலுக்கு வந்தன.

"இது ரகசியம், வெளியே தர முடியாது" என்று சிலர் சொல்வார்கள். யாரிடமிருந்து ரகசியம்? நோயாளியின் நோய் நோயாளிக்கே ரகசியமா? 1996ஆம் ஆண்டிலேயே பம்பாய் ஹைகோர்ட், ரகுநாத் ரஹேஜா வழக்கில் இந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. நோயாளி கேட்டால் நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டில் மத்திய தகவல் ஆணையமும், தன் மருத்துவ ஏட்டைப் பெறுவது நோயாளியின் உரிமை, கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை என்று சொல்லிற்று.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. படுக்கையில் இருக்கும்போது கேட்டால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள், வீடு திரும்பிய பின் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஏடு தர வேண்டும் என்கிறது அந்தச் சாசனம். நோயாளி இறந்துவிட்டால், மரணச் சுருக்கமும் பரிசோதனை அறிக்கைகளும் குடும்பத்தாருக்குச் சேர வேண்டும். பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ பிரேதத்தையோ பிடித்து வைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

கட்டணம் எவ்வளவு?

இதுதான் நமது வயிற்றைத் தொடும் கேள்வி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் கணக்குத் தெளிவாக இருக்கிறது. மனுவுக்கு 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்கு ஒரு பக்கம் 2 ரூபாய். 80 பக்கம் உள்ள கேஸ் ஷீட் என்றால் 160 ரூபாய், மனுவோடு சேர்த்து 170 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் அதற்கான சான்றை இணைத்தால் ஒரு காசும் வேண்டாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிருக்கு ஆபத்தான விஷயமானால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் அவர்கள் இலவசமாகவே கொடுத்தாக வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அதிகாரியின் கடமை.

தனியார் ஆஸ்பத்திரியில்? அங்கே விதி "நியாயமான கட்டணம்" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. இத்தனை ரூபாய் என்று வரையறுக்கவில்லை. இந்தச் சந்தில்தான் லாப வேட்டை புகுந்து கொள்கிறது. தேடும் கட்டணம், கையாளும் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பெயர் பெயராகச் சூட்டி வாங்க இடமிருக்கிறது. வெளியே நகல் கடையில் ஓரிரு ரூபாய்க்கு எடுக்கும் தாளுக்கு உள்ளே பல மடங்கு கேட்டால் அது நியாயமா? நகலை நோயாளி தன் செலவில் தானே எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம் என்று உரிமைச் சாசனமே வழி சொல்கிறது. "பில் பாக்கி தீர்ந்தால்தான் ஏடு" என்ற நிபந்தனையும் அந்த 72 மணி நேர விதியில் எங்கும் கிடையாது. பாக்கிக்கு வழக்குப் போடட்டும். ஏட்டை அடகு பிடிக்க என்ன உரிமை?

வெளிநாட்டுச் செய்தி ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு நோயாளி தன் பல் டாக்டரிடம் ஏட்டின் நகல் கேட்டார். டாக்டர் கட்டணம் கேட்டார். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. 2023 அக்டோபர் 26இல் தீர்ப்பு வந்தது: முதல் நகல் இலவசம், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர்மேல் வழக்குப் போடுவதற்காகக் கேட்டாலும் இலவசம்தான். பிரிட்டனிலும் 2018 மே முதல் பொதுவாக இந்த நகலுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

எப்படிக் கேட்பது?

வாயால் கேட்டால் வாயாலேயே "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கேளுங்கள். பெரிய வக்கீல் பாஷை வேண்டாம்:

"நான் இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை தங்கள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தேன். என் பதிவு எண் இது. கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, நர்சுகள் எழுதிய குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், டிஸ்சார்ஜ் சுருக்கம், இனவாரியான பில் ஆகியவற்றின் நகலைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நியாயமான நகல் செலவை ரசீது பெற்றுக்கொண்டு செலுத்துகிறேன்."

இவ்வளவுதான். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கு ஒப்புதல் கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். நோயாளி படுக்கையில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு உறவினர் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சுருக்கம் ஒன்றே போதும் என்று திருப்தி அடையாதீர்கள். அது இரண்டு பக்கச் சுருக்கம். உண்மை விவரம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

காலம் முக்கியம், தோழர்களே! மூன்று வருஷம் போனால் "அழித்துவிட்டோம்" என்று கைவிரிக்கலாம். ஆகவே வழக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வீடு திரும்பிய அந்த வாரமே கேளுங்கள். வெளிநோயாளிச் சீட்டு பெரும்பாலும் நம் கையிலேயே தரப்படுகிறது. அதைக் கூரை இடுக்கில் செருகி மழையில் நனைய விடாதீர்கள். ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும்.

மறுத்தால்?

சர்க்கார் ஆஸ்பத்திரியானால், 30 நாளுக்குள் மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு. அதன் பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் முறையீடு. காரணமின்றி இழுத்தடித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. தனியாரானால், டாக்டர்மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

டாக்டர் தொழிலும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் செய்யும் இடம் அதில் சேராது. அப்படியானால் இ.எஸ்.ஐ.? அதுவும் இலவசம்தானே என்று வாதாடினார்கள். 2007இல் கிஷோர் லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஏன்? அது தர்மம் அல்ல, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பணம்! இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நாம் பிச்சைக்காரர்கள் அல்ல, சந்தா கட்டியவர்கள். தலை நிமிர்ந்து கேளுங்கள்.

தனியாக அல்ல, சங்கமாக!

ஒரு தொழிலாளி கவுண்டரில் நின்றால் "நாளைக்கு வா" என்பார்கள். அவன் நாளைக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. மூன்று தடவை அலைந்தால் ஏடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிடுவான். அந்தச் சலிப்பைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கமும், மனு எழுதத் தெரிந்த இரண்டு தோழர்களை இதற்கென்றே நியமிக்க வேண்டும். யாருக்கு எப்போது விபத்து, எந்த ஆஸ்பத்திரி, எப்போது மனு கொடுத்தோம் என்று சங்கத்தில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரி ஏடு மட்டுமல்ல, ஆலையில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையின் ஏடும் நம்முடையதே. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று? ஒவ்வொரு தொழிலாளியின் சுகாதார ஏட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை காப்பாற்ற வேண்டும் என்றது. தூசி நுரையீரலில் இறங்கி நோயாக வெளிப்படப் பல பத்தாண்டு ஆகும் என்பதால்தான் இந்த உத்தரவு. இது கல்நார் ஆலைக்கு மட்டும் போதுமா? பஞ்சாலைத் தூசியும் குவாரித் தூசியும் பட்டறைத் தூசியும் மல்லிகை மணமா?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

தனியார் ஆஸ்பத்திரியில் நகல் கட்டணத்துக்கு சர்க்கார் உச்சவரம்பு விதிக்க வேண்டும். அது பக்கத்துக்கு 2 ரூபாயைத் தாண்டக் கூடாது. விவசாயத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் முதல் நகல் இலவசமாக வேண்டும். ஏடுகளைக் காப்பாற்றும் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து உயர்த்த வேண்டும். ஆலைப் பரிசோதனை அறிக்கையைத் தொழிலாளிக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். நோயாளிகளின் உரிமைச் சாசனத்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் தமிழில், கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

டாக்டர்களும் நர்சுகளும் நமக்கு விரோதிகள் அல்ல. இரவு பகலாக உழைக்கும் அவர்களில் பலரும் நம்மைப் போலவே ஒப்பந்தக் கூலிக்கு அவதிப்படுகிறவர்கள். ஒழுங்காக எழுதப்பட்ட ஏடு நல்ல டாக்டரையும் காப்பாற்றும். நமது சண்டை, நோயைச் சரக்காக்கி, ஏட்டையும் சரக்காக்கும் லாப முறையோடுதான்.

தோழர்களே! கூலிச் சீட்டைக் கேட்டு வாங்க நமது முன்னோர்கள் போராட வேண்டியிருந்தது. வருகைப் பதிவில் பேர் ஏறுவதற்கே போராட வேண்டியிருந்தது. அவற்றை வாங்கியது தனி ஆள் அல்ல, சங்கம். இந்த ஏட்டையும் சங்கம் வாங்கித் தரும். அடுத்த வாரம் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் கிடக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மூன்று வருஷக் கெடு யாருக்கு நெருங்குகிறதோ அவர் மனுவை முதலில் எழுதுவோம்.