கொசுக்களைக் கணக்கெடுத்தல்

(கோட்டூர்புரத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கொசுவைப்பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். கொசுவைக் கொல்லும் உபாயங்களையே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஆயினும் கொல்வதற்கு முன் எண்ணுதல் வேண்டும். எந்தக் கொசு, எவ்விடத்தில், எத்தனை என்று அறியாது தெருவிற் புகையடிப்பது, குறி காணாது அம்பெய்வதை ஒக்கும்.

2015ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாற்று வெள்ளம் இவ்வூரினுட் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அதுமுதல் எத்தீங்கிற்கும் ஆற்றையே குறைகூறுவது நமக்கு வழக்கமாய்விட்டது. கொசு விஷயத்தில் இது பாதியே மெய். கொசுக்களிலும் ஜாதிப் பிரிவுகள் உண்டு. சாக்கடை நீரிற் பிறந்து இரவிற் கடிப்பது கியூலெக்ஸ். அது யானைக்கால் வியாதியைப் பரப்ப வல்லது. டெங்கு, சிக்குன்குனியா ஆகிய ஜ்வரங்களைத் தரும் ஈடிஸ் கொசுவோ பகலிற் கடிப்பது. தொட்டி, பீப்பாய், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் நின்ற நீரே அதற்குப் பிறப்பிடம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி நமது கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்கிறது. இந்நகரக் கொசு 2012ஆம் வருஷம் ஆப்பிரிக்காக் கண்டத்தில் ஜிபூட்டி நாட்டிலும் காணப்பட்டது. அங்குள்ள பட்டணங்களுக்கு இப்பொழுது அது பெருங்கவலை.

அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் 1897ஆம் வருஷம் ஆகஸ்ட் 20ஆம் தேதி ஸிகந்தராபாத்திற் கண்டார். அன்றுதொட்டுக் கொசுவைக் கணக்கெடுத்தல் ஒரு சாஸ்திரமாயிற்று.

அதன் முறைகளிற் பழமையானது புழுக்களைத் தேடுதல். புழு நீர்மட்டத்தோடு படிந்து கிடந்தால் அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ். நூறு வீடுகளைச் சோதித்து, புழுவுள்ள வீடுகள் பன்னிரண்டு எனின் வீட்டுக் குறியெண் 12. அவற்றிற் புழுவுள்ள பாத்திரங்கள் இருபது எனின் பிரெட்டோ குறியெண் 20. ஆனால் பத்துப் புழுவுள்ள கொட்டாங்கச்சியும் ஆயிரம் புழுவுள்ள தொட்டியும் இக்கணக்கில் ஒன்றே! ஆகையாற் கூட்டுப்புழுக்களை எண்ணுதல் மேல் என்பர் நிபுணர். அவற்றிற் பெரும்பாலன கொசுவாகியே தீரும்.

முட்டைப்பொறி என்பது மற்றொரு முறை. கறுப்பு டப்பாவில் நீர் வார்த்து, சொரசொரப்பான பலகைத் துண்டொன்றைச் சார்த்தி நிழலில் வைப்பார்கள். ஈடிஸ் பெண்கொசு அதில் முட்டையிடும். வாரந்தோறும் எடுத்து எண்ணவேண்டும். மறந்தால் பொறியே பிரசவ விடுதியாகிவிடும். மாட்டுத் தொழுவத்திலும் வீட்டு மூலைகளிலும் டார்ச் விளக்கும் கண்ணாடிக் குழலுமாகச் சென்று, மணிக்கு எத்தனை கொசு பிடிபட்டதென்று குறிப்பதும் உண்டு. பிடித்தவற்றைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தால், அவை விஷக்கிருமியைச் சுமக்கின்றனவா என்பதும் வெளியாகும்.

இம்முறைகள் அனைத்தும் ஓரிடத்தில் இடறுகின்றன. அவ்விடம் நமது வாசற்கதவு. கார்ப்பரேஷன் ஊழியர், பெரும்பாலும் பெண்மக்கள், வெயிலிற் படியேறி வந்து, மாடித் தொட்டியைப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். நாமோ, “இங்கே எல்லாம் சுத்தமாயிருக்கிறது” என்று கதவருகிலேயே திருப்பியனுப்புகிறோம். அவர்கள் தண்ணீரைத் தொடக்கூடாதென்று எண்ணுபவரும் நம்மில் இல்லாமலில்லை, அவ்வெண்ணம் வெட்கத்திற்குரியது. சுத்தமான நீரே ஈடிஸுக்கு உகந்ததென்று முன்னமே சொன்னேன். நூற்றில் முப்பது வீடுகள் திறவாதிருந்தால், எழுபது வீட்டுக் கணக்கைக் கொண்டு தெருவிற்கு அபாயமில்லையென்று முடிவுகட்டுவார்கள். முப்பதிற் பிறந்த கொசு எழுபதிலும் சென்று கடிக்கும். குழந்தைக்கு டெங்கு கண்டபின் புழுவைத் தேடுவதில் யாருக்கு என்ன பயன்?

பூட்டிய வீடுகளின் சங்கதி இன்னும் கடினம். மக்கள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெற்றோரும் அங்கே சென்று ஆறு மாதம் தங்குகிறார்கள். ஈடிஸின் முட்டை நீர் வற்றிய பாத்திரத்தின் விளிம்பிற் பல மாதம் உயிரோடிருந்து, முதல் மழையிற் பொரிக்கும். ஆதலால் நீண்டநாள் ஊரிலிராத அங்கத்தினர் தம் வீட்டுச் சாவியை நம்பிக்கையுள்ள அயலாரிடம் ஒப்புவித்து, அவ்விவரத்தைச் சங்கக் காரியதரிசிக்கு எழுதிவைக்க வேண்டுமென்றும், சோதனைக்கு வருவோருடன் சங்க வாலிபர் ஒருவர் முறைவைத்துச் செல்லவேண்டுமென்றும் பிரேரேபிக்கிறேன். இதை ஆமோதிப்பவர் இச்சபையிலேயே எழுந்து பெயர் கொடுக்கும்படி வேண்டுகிறேன்.