முழங்கால் நாரும் மருத்துவர் கையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, தில்லிக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை, அலுவலகம் செல்லும் அவசரத்தில் பேருந்திலிருந்து இறங்குகையில் நாம் கால் இடறினோம். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலின் உட்புறத்தில் கடும் வலி, மாலைக்குள் வீக்கம். சொந்த ஊராயின் மாமாவோ சித்தப்பாவோ தக்க வைத்தியரிடம் அழைத்துப் போயிருப்பர். வேற்றூரில் அண்டை வீட்டார் யோசனையே துணை. அவர்கள் சொற்படி மறுநாள் ஒருவர் வந்து, சுடுதைலம் தடவி அழுத்தி நீவினார். அன்றிரவு வீக்கம் மேலும் பெருகிற்று, உறக்கமும் போயிற்று.

மருத்துவமனையில் 'லிகமென்ட்' கிழிந்திருப்பதாகக் கூறினர். தமிழில் இதனைத் தசைநார் என்று எழுதிவருகிறோம். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நம்மை அச்சொல்லே ஏமாற்றியது எனலாம். பிடித்துக்கொண்ட தசை நீவினால் இளகும். இதுவோ தசையன்று, எலும்பை எலும்போடு பிணைக்கும் கட்டு. கிழிந்த கட்டினை எந்தக் கையும் நீவி ஒட்டவைக்க இயலாது. முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்ப்பதும் சூடு காட்டுவதும் வீக்கத்தை வளர்க்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும், மிதமான கட்டும், காலை உயர்த்தி வைத்தலுமே அப்பொழுது உகந்தவை.

முழங்காலில் இத்தகைய முக்கியக் கட்டுகள் நான்கு: உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று, மூட்டின் நடுவே குறுக்காக இரண்டு. உட்புறக் கட்டு தனித்துக் கிழிந்தால், பெரும்பாலும் அறுவையின்றியே ஆறிவிடும். நமக்கு நேர்ந்தது அதுவே. நடுவிலுள்ள முன்குறுக்குக் கட்டு அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை. அதற்கும் உடனே கத்தி வேண்டுமா?

சுவீடனில் 121 இளைஞரிடம் நிகழ்த்திய ஆய்வொன்று 2010-ல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு விரைவில் அறுவை. மறு பாதியினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்படின் பின்னர் அறுவை. 5 ஆண்டுகள் கழித்தும் இரு சாராரின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுவையின்றியே இருந்தனர். ஆயினும், அடிபட்டு நெடுநாளாகியும் முழங்கால் நிலைகொள்ளாது நழுவுவோருக்கு அறுவையே மேலான பயன் தந்ததென 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டிற்று. எனவே, கத்தி எல்லோர்க்கும் வேண்டுவதன்று; எல்லோர்க்கும் வேண்டாததும் அன்று.

அங்ஙனமாயின் கைச்சிகிச்சை எதற்கு? வீங்கிய மூட்டு அசைய மறுக்கும். தொடைத்தசை சில நாட்களிலேயே மெலியும். இயன்முறை மருத்துவர் நம் முழங்காற் சில்லை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்துவார். கணுக்காலைத் தாங்கிச் சிறிது சிறிதாக நீட்டியும் மடக்கியும் விடுவார். இதனால் வலி தணிந்து, மூட்டு வழிவிடும். கை செய்யும் பணி அம்மட்டே, எஞ்சியது நம்முடையது.

குதிகாலின் கீழ்ச் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி, முழங்காலைக் கட்டில்மீது அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல் முதற்பாடம். எளியதாகத் தோன்றும் இதற்கே நமக்கு வியர்த்தது. கைத்தடியை நோயில்லாத பக்கத்துக் கையில் பிடித்தல் வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றி, முழங்காலை நீட்டி நடத்தல் வேண்டும். படியேறும்போது நல்ல கால் முந்தட்டும்; இறங்கும்போது நொந்த கால் முந்தட்டும். பயிற்சிக்குப்பின் வீக்கம் கூடினால் மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்திவிடுதல் தகாது.

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிடின், எலும்பு முறிவு உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் அவசியம். முழங்கால் பூட்டிக்கொண்டாலும் மருத்துவரை நாடுக. பாதம் மரத்துச் சில்லிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, யாரையும் நீவ விடாது உடனே மருத்துவமனை செல்க; கெண்டைக்கால் வீக்கம் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் சொல்லவேண்டியவை மூன்றே: எவ்வாறு விழுந்தோம், எவ்வளவு நேரத்தில் வீங்கியது, நடக்கையில் முழங்கால் நழுவுகிறதா என்பவை. இவற்றை அவ்வூர் மொழியில் எழுதித்தர அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். அவர்களிடம் நாம் பெறவேண்டியிருந்த உதவி அதுதான்.

மூன்றாம் மாதம் தடியின்றி அலுவலகப் படியேறினோம். இன்றும் அதே பேருந்தில்தான் செல்கிறோம். இறங்குமுன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நன்றாக நிற்கட்டும் என்று காத்திருக்கிறோம்.