பட்டுப்புழு கற்பிக்கும் பாடம்



தறியோசை பழகிய ஆரணியில் பட்டைப் பாடாத கவிஞரைக் காண்டல் அரிது. அந்த இழையைத் தந்த உயிரை நாம் எத்துணை அறிவோம் என்பதே இன்று என் வினா.

முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என நான்கு நிலைகளில் வாழும் உயிர் அது. புழுப் பருவத்தில் மல்பெரி இலையை உண்டு, நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாட்களில் தன் எடையில் பதினாயிரம் மடங்கு வளர்கிறது. பின்னர்த் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டின் இழை ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளும். பூச்சி துளைத்து வெளிவந்தால் இழை அறும். ஆதலால் அதனைக் கூட்டினுள்ளேயே வெப்பத்தால் கொல்கிறோம்.

பருத்தியை நூற்றல் வேண்டும்; பட்டோ நூற்கப்படாமலே இழையாய் வருவது. பதிற்றுப்பத்து, பட்டாடையை நூற்கப்படாத ஆடை என்னும் பொருள்படச் சுட்டுகிறது. உற்று நோக்கியவர்க்கே வாய்க்கும் சொல் அது. அறிவியலின் முதற்படியும் அந்நோக்கே.

ஆயினும் நோக்கு மட்டும் போதாது. 1865-இல் பிரான்சு நாட்டுப் பட்டுப்புழுக்களைப் பெப்ரின் என்னும் நோய் அழித்தபோது, அதுவரை பட்டுப்புழுவையே கையாண்டறியாத லூயி பாஸ்டர் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார். நோயுற்ற புழுக்களில் தோன்றிய நுண்துகள்கள் நோயின் விளைவே, காரணமல்ல என்று முதலில் கருதினார். நோயுற்ற புழுவை அரைத்துத் தடவிய இலையை ஒரு பகுதிப் புழுக்களுக்கும், தூய இலையை மறுபகுதிக்கும் அளித்து ஒப்பிட்டமை போன்ற சோதனைகள் அக்கருத்தைப் பொய்யாக்கின. பாஸ்டர் தம் கருத்தைக் கைவிட்டார். அத்துகள்களே நோயைப் பரப்பும் ஒட்டுண்ணிகள் என ஏற்றார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, துகள் காணப்பட்டால் அதன் முட்டைகளை அழிக்கும் முறையை வகுத்தார். நம் நாட்டு முட்டை உற்பத்தி நிலையங்கள் இன்றும் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, ஒப்பீடு, தேவைப்படின் தன் கூற்றைத் தானே திருத்துதல்: இவையே அறிவியல் நெறி. இவற்றுள் இறுதியானதே கடினமானது. கவிஞர்க்கும் அதுவே கடினம். வரி அழகாய் அமைந்தமையால் அது உண்மையாகிவிடாது. புழு தன் கல்லறையைத் தானே கட்டிக்கொள்கிறது என்று நம்மில் பலர் எழுதுகிறோம். சோதித்துப் பார்ப்போம். புழு கட்டுவது தனக்குச் சிறகு முளைக்கும் அறை. அதனைக் கல்லறை ஆக்குபவர் நாம், பட்டுடுத்தும் நாம். இவ்வுண்மை உவமையின் அழகைச் சற்றே குறைக்கலாம். பாட்டின் அறத்தை உயர்த்தும்.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தார், பதினோராம் ஆண்டில் ஒருமுறை புழு வளர்ப்பு மனைக்குச் சென்று, கூடு கட்டப்படுவதைக் கண்ணாரக் கண்டு, அதன்பின் பாட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.