ஏழு பிள்ளைகளின் தாய்



இரண்டாம் உலகப்போர் பாடத்தை ஆண்டுகளும் ஒப்பந்தங்களுமாகவே நடத்தி வந்தவன் நான். இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் லேலா கராயான்னி என்ற கிரேக்கப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன்.

1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை ஏதென்ஸ் நகரைப் பிடித்தது. லேலா ஏழு பிள்ளைகளின் தாய். ஊர் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொண்ட பிரிட்டிஷ் வீரர்களை ஒளித்துவைத்துத் தப்பவைத்தார். அதுவே 'புபுலினா' என்ற இரகசிய அமைப்பாக வளர்ந்தது. 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போரில் கப்பல்களோடு களமிறங்கிய வீரப்பெண்ணின் பெயர் அது. பிறகு யூதர்களைப் பிடித்து நாடு கடத்தியபோது, அவர்களுக்கும் அடைக்கலம் தந்தார். பிள்ளைகளும் அவருக்குத் துணை நின்றார்கள்.

1944 ஜூலையில் கைதானார். செப்டம்பர் 8 அன்று ஹைதாரியில் சுட்டுக்கொன்றார்கள்.

முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஏழு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஏன் சார் இதெல்லாம் செஞ்சாங்க? அந்தப் பிள்ளைங்க பாவமில்லையா?”

'தியாகம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் தலையாட்டி உட்கார்ந்திருப்பாள். தேர்வுக்கும் அது போதும். நான் சொல்லவில்லை. நியாயமான கேள்விதானே அது! “எனக்கும் அது உறுத்துதும்மா” என்றேன்.

பிறகு, ஏதென்ஸ் விடுதலையான தேதியைக் கரும்பலகையில் எழுதினேன்: அக்டோபர் 12, 1944. எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டேன். அவள்தான் முதலில் எண்ணி முடித்தாள்.

“முப்பத்துநாலு சார்.”

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.