அலமாரியில் உறங்கும் குரல்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

தமிழின் தொன்மையைப் பற்றியும் காப்பியங்களின் சிறப்பைப் பற்றியும் பேசுதற்கு இம்மேடையில் கற்றறிந்தோர் பலர் உளர். யாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் பணி பார்த்துவருகிறோம். ஆதலின் எடுத்துக்கொண்ட பொருளும் எமக்கேற்ற எளிய பொருளே. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டைக் கணிப்பொறியில் ஏற்றி டி.வி.டி. தட்டாக ஆக்கிக்கொள்வது எங்ஙனம் என்பதே அது. "இது கடைக்காரர் செய்யும் தொழில் ஆயிற்றே! இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று நீங்கள் வினவலாம். அக்கேசட்டில் இருப்பது யாது என்று சற்றே எண்ணிப் பார்த்தால் அவ்வினா எழாது.

நம் நாட்டுத் தொலைக்காட்சியில் வண்ணப் படம் வந்தது 1982-ஆம் ஆண்டில். அதனையடுத்த இருபது ஆண்டுகளில் நம்மவர் வீட்டுத் திருமணம், வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா ஆகிய யாவும் வி.எச்.எஸ். கேசட்டிலேயே பதிவாயின. அவற்றில் மணமக்கள் மட்டுமா இருக்கின்றனர்? பந்தலில் பாய் விரித்து அமர்ந்து வெற்றிலை மடித்த பாட்டிமார் இருக்கின்றனர். பந்தியில் நின்று "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று உபசரித்த பெரியப்பா இருக்கிறார். அவர்களுள் பலர் இன்று இல்லை. அவர்தம் நிழற்படம் சுவரில் தொங்குகிறது. குரலோ அந்த நாடா ஒன்றில்தான் தங்கியிருக்கிறது. வங்காளியும் இந்தியும் காதில் விழ வளரும் நம் பிள்ளைகளுக்கு, அவர்தம் பாட்டனார் பேசிய நெல்லைத் தமிழ் எப்படி ஒலித்தது, தஞ்சைத் தமிழ் எப்படி ஒலித்தது என்று காட்டுதற்கு நம்மிடம் வேறு சான்று உண்டோ? பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்க்கு அக்கேசட்டும் ஒரு பூர்வீகச் சொத்தே. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கும் நாம், இதனை அலமாரியின் அடித்தட்டில் போட்டு மறந்துவிட்டோம்.

மறந்துவிட்டால் என்ன, கேசட் அங்கேயே இருக்குமே என்று கருதலாகாது. அதனுள் இருப்பது அரை அங்குல அகலமுள்ள நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில் அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். பாலியெஸ்டர் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடு என்னும் காந்தத் துகளைப் பசை கொண்டு பூசியிருப்பர். வி.சி.ஆர். கருவிக்குள் ஓர் உருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழல, அதில் பதித்த ஹெட்டுகள் நாடாவைச் சாய்வாகத் தடவிப் படத்தை எடுக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஒரு படம். நொடிக்கு 25 படங்கள். காலம் செல்லச் செல்லப் பசை தளரும், துகள் உதிரும், காந்தப் பதிவு மங்கும். வங்கத்து மழைக்கால ஈரக்காற்றிலோ நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் பூக்கும்.

நாடா பிழைத்திருப்பினும் அதனை ஓட்டுவதற்குக் கருவி வேண்டுமே! ஜப்பானில் 1976-ஆம் ஆண்டு ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட முறை இந்த வி.எச்.எஸ். இக்கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி உள்ள கருவிகள் பழையனவே. அவற்றின் ஹெட்டும் ரப்பர்ப் பட்டையும் நாள்தோறும் தேய்கின்றன. ஆஸ்திரேலிய நாட்டின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015-ஆம் ஆண்டிலேயே, காந்த நாடாக்களைக் காப்பதற்கு 2025-ஐக் கெடுவாகக் குறித்து எச்சரித்தது. அக்கெடுவை நாம் எட்டிவிட்டோம். அரசாங்கக் காப்பகமே அஞ்சும்போது நம் அலமாரி எம்மாத்திரம்?

ஆகவே செய்ய வேண்டுவது யாது? நம் மூத்தோர்க்கு விளங்கும் உவமை ஒன்று கூறுவோம். அந்நாளில் இங்கிருந்து ஊருக்குச் செல்வோர் சென்னை சென்ட்ரலில் அகலப் பாதை வண்டியைவிட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் எழும்பூர் சென்று மீட்டர் கேஜ் வண்டி ஏறுவர். 1676 மில்லிமீட்டர் பாதையில் வந்த வண்டி 1000 மில்லிமீட்டர் பாதையில் ஓடாது. சரக்குக்கும் இதே கதிதான். இரு பாதைகளும் கூடும் நிலையத்தில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றுவர். அதற்கு டிரான்ஷிப்மெண்ட் என்று பெயர். உடைவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். 1992-இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. நாடாவில் உள்ள படம் ஏறி இறங்கும் அலையாக இருக்கிறது. கணிப்பொறிக்குத் தெரிந்ததோ எண் மட்டுமே. அலையை எண்ணாக மாற்றும் இடமே இங்கு டிரான்ஷிப்மெண்ட் நிலையம். அவ்விடத்தில் கவனம் வேண்டும். ஒருமுறை நல்லபடியாக ஏறிவிட்டால், பிறகு எண்ணுக்கு எண் நகல் எடுக்கலாம். ஆயிரமாவது நகலும் முதல் நகலைப் போன்றே இருக்கும். நாடாவிலிருந்து நாடாவுக்கு எடுத்த நகலோ ஒவ்வொரு முறையும் மங்கும்.

முதலாவது, கேசட்டைச் சோதியுங்கள். அதன் கண்ணாடிச் சாளரத்தின் வழியே வெண்பொடி தென்படின் கருவியில் போடாதீர்கள். பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அத்தகையதைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நன்று. நல்ல கேசட்டாயின் முதுகுப்புறத்து மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒடித்துவிடுங்கள். பிறகு கை தவறியும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. நெடுநாள் ஓடாத நாடாவைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பின்பே படம் எடுக்கத் தொடங்குங்கள்.

இரண்டாவது, இணைப்பு. வி.சி.ஆரின் பின்புறத்தில் படத்துக்கு மஞ்சள் துளையும், ஒலிக்கு வெள்ளை, சிவப்புத் துளைகளும் இருக்கும். யு.எஸ்.பி. வழியே கணிப்பொறியில் பொருத்தும் கேப்சர் கருவிக்கும் அதே மூன்று நிறங்கள் உண்டு. நிறத்துக்கு நிறம் இணைத்தால் போதும். மென்பொருளில் 'பால்' முறையைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டுப் பதிவு அதுவே. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டாயின் 'என்.டி.எஸ்.சி.' முறையாக இருக்கக்கூடும். முறை மாறினால் படம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகும். அல்லது நில்லாமல் உருளும். பால் முறையில் படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளிகள்.

மூன்றாவது, கணக்கு. சரக்கு ஏற்றும்போது மூட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பது எழுத்தர் கடமை. இங்கும் அதுவே. நொடிக்கு 25 வீதம் ஒரு மணி நேரத்திற்கு 90,000 படங்கள் வந்து சேர வேண்டும். விடுபட்ட படங்களின் எண்ணிக்கையை மென்பொருளே காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் உதட்டசைவு ஒருபுறமும் குரல் ஒருபுறமுமாகப் பிரிந்துவிடும். எனவே பதிவு நடக்கும் நேரத்தில் கணிப்பொறியை வேறு வேலை வாங்கலாகாது. முடிந்தபின் தொடக்கம், நடு, இறுதி என மூன்றிடத்திலும் பார்த்து ஒலியும் படமும் பொருந்துகின்றனவா எனத் தேர்ந்து கொள்க.

நான்காவது, சுருக்குவதில் அவசரம் கூடாது. சற்றும் சுருக்காத படம் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 75 கிகாபைட் இடம் கேட்கும். டி.வி. என்னும் முறையில் 13 கிகாபைட் போதும். ஒற்றை அடுக்கு டி.வி.டி. தட்டிலோ மொத்தமே 4.7 கிகாபைட்தான், அதில் இரண்டு மணி நேரப் படம் அடங்க வேண்டுமாயின் நிரம்பச் சுருக்கியாக வேண்டும். நேரே தட்டின் அளவுக்குச் சுருக்கி எடுத்தால், இழந்தது இழந்ததே. ஆகையால் முதலில் குறைவாகச் சுருக்கிய மூலக் கோப்பு ஒன்றை எடுத்து ஹார்டு டிஸ்கில் வையுங்கள். தட்டு அதிலிருந்து பிறக்கட்டும். மூன்று மணிக் கேசட்டை இரண்டு தட்டாகப் பிரிப்பது தெளிவைக் காக்கும்.

தட்டும் நிலையானதன்று என்பதையும் மறத்தலாகாது. வீட்டில் எழுதும் டி.வி.டி.யில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெப்பமும் அதனைக் கெடுக்கும். மேலும் இன்று விற்கும் கணிப்பொறிகள் பலவற்றில் தட்டுப் போடும் வாயே இல்லை. ஆகவே மூலக் கோப்பின் நகல் ஒன்று இங்கும், மற்றொன்று ஊரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டிலும் இருத்தல் நலம். பழைய கேசட்டையும் எறிந்துவிடாதீர்கள். நிமிர்த்து நிறுத்தி, ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. பல கல்யாணக் கேசட்டுகளில் ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டைச் சேர்த்து உறவினர் பேச்சை மறைத்திருப்பார். வெட்டாத மூலக் கேசட் வீட்டில் கிடைத்தால் அதனையே முதலில் எடுங்கள். அழகு குறைந்திருக்கலாம், குரல் அதில்தான் இருக்கும்.

அன்பர்களே! மூன்று மணிக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. சிலர் இதனைப் பெருந்தொல்லை என்பர். யாம் அதனைப் பெரும்பேறு என்போம். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் உள்ள மூத்தவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பேரனோ பேத்தியோ கையில் நோட்டுப் புத்தகத்துடன் இருக்கட்டும். "இவர் யார், பாட்டி? என்ன உறவு? எந்த ஊர்?" என்று கேட்டு, நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளட்டும். படம் நூறாண்டு நின்றாலும், அதில் இருப்பவர் பெயர் தெரியாவிட்டால் பயன் என்ன? அப்பெயர்களை அறிந்தவர் நம்மிடையே இருக்கும் காலமும் நாடாவின் ஆயுளைப் போல எண்ணத்தக்கதே.

இதற்காகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு வி.சி.ஆர். தேடி அலைய வேண்டுவதில்லை. பழுதுபார்த்த நல்ல கருவி ஒன்றும், கேப்சர் கருவி ஒன்றும், ஹார்டு டிஸ்க் ஒன்றும் சங்க அறையில் இருந்தால் காலனி முழுமைக்கும் போதும். கணிப்பொறி அறிந்த இளைஞர் முறைவைத்து ஞாயிறுதோறும் உதவட்டும். கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டுகள் இதில் சேரா; அவற்றிற்கு உரிமையாளர் வேறு. நம் வீட்டுப் பதிவுக்கு நம்மையன்றிக் காவலர் எவர்?

நாடா வாங்க நம் பெற்றோர் அன்று சம்பளத்தில் மிச்சம் பிடித்தனர். அதனைக் காக்க நாம் செலவிட வேண்டுவது சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே. அடுத்த மழைக்காலம் வருமுன் தொடங்குவோமாக.